வீட்டில் சிக்கன் ஸ்டிர் ஃப்ரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே வரும் அளவுகள் எல்லாம் 400 கிராம் எலும்பில்லாத கோழிக்கும் 300 கிராம் காய்கறிக்கும் ஆனவை. சோற்றுடன் மூன்று பேருக்குப் போதும். ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி, ஒரு டீஸ்பூன் 5 மில்லி. இரண்டும் தலைதட்டிய அளவு. நறுக்கவும் ஊறவும் அரை மணி நேரம் ஆகும், அடுப்பில் பத்து நிமிடம்கூட ஆகாது.

ஸ்டிர் ஃப்ரை என்பதும் வதக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. வதக்கும்போது தீ மிதமாக இருக்கும். கறியும் காயும் விடுகிற தண்ணீரிலேயே எல்லாம் வெந்து சுருளும். ஸ்டிர் ஃப்ரையில் அந்தத் தண்ணீர் வெளியே வந்த மறுநொடியே ஆவியாகிவிட வேண்டும். சட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கும் வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கோழி பொன்னிறமாகி வறுபட்ட மணம் எழுவது கிட்டத்தட்ட 140 டிகிரியில்தான். அதனால் தண்ணீர் தேங்கிவிட்டால் வெளிறிப்போன, வேகவைத்த கோழிதான் கிடைக்கும்.

இந்தச் சமையலில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஏதாவது சரியாக வரவில்லை என்றால் முதலில் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வந்தது, அதை விரட்டும் அளவுக்குச் சூடு இருந்ததா?

தொடைக்கறி நல்லதா, நெஞ்சுக்கறி நல்லதா?

தொடைதான். அதில் கொழுப்பு கூடுதல் என்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடம் அதிகமாக வெந்தாலும் மென்மை கெடாது. நெஞ்சுக்கறிக்கு அந்தச் சலுகை கிடையாது; பதம் தாண்டினால் வறண்டு நாராகிவிடும். கை பழகும் வரை தொடையில் செய்யுங்கள். நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்பவர்கள் ஊறவைக்கும் வேலையைத் தட்டிக்கழிக்கக் கூடாது. எதுவானாலும் தோலை உரித்துவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடச் சமையலில் தோலின் கொழுப்பு உருகி முறுகலாக நேரம் போதாது.

எப்படி நறுக்க வேண்டும்?

கறியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். மெல்லிய கோடுகளாகத் தெரியும். கத்தி அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே போக வேண்டும். நாரின் போக்கிலேயே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் நீளநீளமான நார்கள் இருக்கும், மெல்லும்போது இழுக்கும். நெஞ்சுக்கறியில் நார் எல்லா இடத்திலும் ஒரே திசையில் போவதில்லை. அகன்ற பக்கத்தில் ஒரு மாதிரியும் கூரான முனையில் வேறு மாதிரியும் ஓடும். அதனால் இரண்டு மூன்று பாளங்களாகப் பிரித்துக்கொண்டு தனித்தனியே குறுக்கே சீவுங்கள்.

கனம் 5 மில்லிமீட்டர், நீளம் 4 முதல் 5 சென்டிமீட்டர். எல்லாத் துண்டும் ஒரே கனத்தில் இருப்பது முக்கியம், இல்லையென்றால் சிறியது வறண்ட பிறகும் பெரியது உள்ளே பச்சையாக இருக்கும். கறி வழுக்கிக்கொண்டு மெல்லியதாக வெட்ட வரவில்லை என்றால் ஃப்ரீசரில் 30 நிமிடம் வைத்து எடுங்கள். லேசாக இறுகியிருக்கும்போது கத்தி சுத்தமாக இறங்கும்.

கோழியைக் கழுவ வேண்டுமா?

தேவையில்லை. குழாயடியில் கழுவும்போது தெறிக்கும் துளிகளில் கேம்பிலோபாக்டர், சால்மொனெல்லா போன்ற கிருமிகள் தொட்டியிலும் மேடையிலும் பக்கத்தில் இருக்கும் காய்கறியிலும் பரவும். அவை கழுவிப் போவதில்லை, சூட்டில்தான் சாகும். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் போதும். கவிச்சை பிடிக்காது, கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் ஒரு பாத்திரத் தண்ணீரில் தெறிக்காமல் அலசி வடித்துவிடுங்கள்.

கழுவினாலும் கழுவாவிட்டாலும் டிஷ்யூ பேப்பரால் அழுத்தி ஈரத்தை ஒற்றி எடுப்பதை மட்டும் விடாதீர்கள். ஈரக் கோழியை மசாலாவில் போட்டால் அது ஊறாது, கீழே குளம் கட்டும்.

என்னென்ன போட்டு, எவ்வளவு நேரம் ஊறவைப்பது?

400 கிராமுக்கு இந்த வரிசையில்:

லைட் சோயா சாஸ் 2 டீஸ்பூன், ரைஸ் வைன் 2 டீஸ்பூன், தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன், வெள்ளை மிளகுத்தூள் கால் டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன். இவற்றைக் கோழியில் ஊற்றிக் கையால் ஒரு நிமிடம் பிசையுங்கள். பிறகு கார்ன்ஃப்ளோர் 2 டீஸ்பூன் தூவிப் பிரட்டுங்கள். கடைசியாக எண்ணெய் 2 டீஸ்பூன். 20 நிமிடம் ஊறட்டும்.

தண்ணீரை விரட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு இங்கே தண்ணீர் ஏன் என்று தோன்றும். சோயாவின் உப்பும் கை பிசையும் அழுத்தமும் சேர்ந்து அந்த ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரைக் கறிக்குள்ளேயே இழுத்துவிடும். பிசைய ஆரம்பிக்கும்போது கிண்ணத்தில் சளசளவென்று சத்தம் கேட்கும். ஒரு நிமிடத்தில் சத்தம் அடங்கி, துண்டுகள் பிசுபிசுப்பாகி, அடியில் ஒரு சொட்டுத் திரவமும் மிஞ்சாது. அதுதான் கார்ன்ஃப்ளோர் சேர்க்கும் நேரம். மாவு வெளியே மெல்லிய உறையாகப் படிந்து உள்ளே இருக்கும் சாற்றைக் காக்கும். அதை முதலிலேயே கொட்டினால் தண்ணீரோடு குழைந்து கூழாகி, சட்டியில் போட்டதும் அடியில் ஒட்டும். கடைசியில் சேர்க்கும் எண்ணெய், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து விழுவதற்காக.

கூடுதல் நேரம் ஊறுவதால் பெரிதாக எதுவும் கிடைக்காது. எலுமிச்சை, வினிகர், தயிர் இவற்றை ஊறவைக்கும் கலவையில் சேர்க்க வேண்டாம். புளிப்பு மெல்லிய துண்டுகளின் மேல்பக்கத்தை வெளுக்க வைத்து மாவாக்கிவிடும். புளிப்பு தேவையானால் அது சாஸில் வரட்டும்.

ஹோட்டல் கோழி அவ்வளவு மிருதுவாக இருக்கிறதே, சோடா போடுகிறார்களா?

பல இடங்களில் ஆம். சமையல் சோடா காரத்தன்மை கொண்டது. கறியின் மேற்பரப்பில் அந்தத் தன்மை ஏறும்போது, சூட்டில் புரதங்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுவது குறைகிறது. 400 கிராம் நெஞ்சுக்கறிக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா தூவிப் பிரட்டி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். ஒரு கிண்ணம் தண்ணீரில் இரண்டு முறை அலசி, பிழிந்து, நன்றாக ஒற்றி எடுத்துவிட்டு மேலே சொன்ன கலவையில் ஊறவையுங்கள். அப்போது அந்த 1 டேபிள்ஸ்பூன் தண்ணீரை விட்டுவிடலாம்.

அளவு கூடினாலோ அலசாமல் விட்டாலோ சோப்பு போன்ற கசப்பு வரும், கறி கொழகொழவென்று ஆகி அதன் இயல்பான கடிபதம் போய்விடும். தொடைக்கறிக்குச் சோடாவே வேண்டாம். பேக்கிங் பவுடர் இதற்கு மாற்று அல்ல, அதில் அமில உப்பும் கலந்திருக்கிறது.

சோடா பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஊறவைக்கும்போது கார்ன்ஃப்ளோரோடு பாதி முட்டையின் வெள்ளைக்கருவையும் சேர்த்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளைப் பிரித்துப் போட்டு 40 முதல் 60 நொடியில், வெளிப்பக்கம் வெளுத்ததும் அரித்தெடுத்து வடிய விடுங்கள். பட்டுப் போல வழுவழுப்பாக இருக்கும். ஆனால் இதில் பொன்னிற முறுகல் வராது. எது பிடிக்கும் என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

வோக் கட்டாயமா? நான்-ஸ்டிக் போதாதா?

வோக் என்னும் சீன வாணலி இருந்தால் பிரட்ட வசதி, சாய்ந்த பக்கங்களில் ஒதுக்கி வைக்கவும் இடம் இருக்கும். கார்பன் ஸ்டீலில், 30 முதல் 35 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்குங்கள். வீட்டு அடுப்புக்கு, அதிலும் இண்டக்‌ஷனுக்கு, அடி தட்டையானதுதான் சரி. குழிந்த அடியுள்ள வோக் வீட்டு அடுப்பில் நடுவில் மட்டும் சூடேறும். கனமான இரும்பு வாணலியும் நன்றாக வேலை செய்யும். சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூட்டை விடாது. குளிர்ந்த கோழி விழும்போது அந்தக் குணம்தான் கைகொடுக்கும்.

நான்-ஸ்டிக் பாத்திரத்தை வெறுமையாகக் கடும் தீயில் வைக்கக் கூடாது. அதன் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கிப் புகை விடும். அதுதான் இருக்கிறது என்றால் முதலிலேயே எண்ணெய் ஊற்றி, மிதத்துக்குச் சற்று மேலான தீயில், இன்னும் சிறிய அளவாகப் பிரித்துச் செய்யுங்கள். சாப்பிடும்படி நன்றாகவே வரும், அந்த வறுபட்ட மணம் மட்டும் குறையும்.

சட்டி போதிய அளவு சூடாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

காலிச் சட்டியை முழுத் தீயில் 2 முதல் 3 நிமிடம் வையுங்கள் (நான்-ஸ்டிக்குக்கு இது பொருந்தாது). விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சுர்ரென்று கொதித்து அதே இடத்தில் மறைந்தால் இன்னும் காயவில்லை. சொட்டு உருண்டு முத்தாகி, சட்டி முழுக்க வழுக்கி ஓடினால் காய்ந்துவிட்டது. சொட்டுக்கு அடியில் உருவாகும் ஆவிப் படலம் அதைத் தூக்கிப் பிடிப்பதால்தான் அப்படி ஓடுகிறது. தண்ணீர் முழுதும் போன பிறகு எண்ணெய் ஊற்றிச் சட்டியைச் சுழற்றுங்கள். எண்ணெய் நெளிநெளியாக மின்னி, முதல் புகை இழை எழுந்ததும் கோழி விழ வேண்டும்.

எந்த எண்ணெய்?

சுத்திகரித்த கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தவிட்டெண்ணெய் மூன்றும் சரி; 220, 230 டிகிரி வரை தாங்கும். வெண்ணெய், எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் இதற்கு உகந்தவை அல்ல. வறுத்த எள்ளில் எடுத்த கருநிற எள்ளெண்ணெய் மணத்துக்கானது, பொரிக்க அல்ல. அடுப்பை அணைத்த பிறகு ஒரு டீஸ்பூன். வறுக்காத எள்ளில் ஆட்டிய எண்ணெயில் அந்த மணம் கிடைக்காது.

சாஸ் அளவு என்ன?

லைட் சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன்
ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன்
டார்க் சோயா சாஸ் அரை டீஸ்பூன்
சர்க்கரை 1 டீஸ்பூன்
ரைஸ் வினிகர் 1 டீஸ்பூன்
தண்ணீர் அல்லது உப்பில்லாத சிக்கன் ஸ்டாக் (கோழி வேகவைத்து வடித்த சாறு) 4 டேபிள்ஸ்பூன்
கார்ன்ஃப்ளோர் ஒன்றரை டீஸ்பூன்

எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடுப்பு எரியும்போது ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து அளந்துகொண்டிருந்தால் அதற்குள் பூண்டு கருகும், கோழி வறளும்.

தனியாக உப்புப் போட வேண்டாம். ஒரு டேபிள்ஸ்பூன் லைட் சோயாவிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது.

லைட் சோயா, டார்க் சோயா என்று இரண்டு எதற்கு?

லைட் என்றால் உப்புக் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். நிறம்தான் வெளிர், உப்பு அதில்தான் தூக்கல்; சுவை தருவது அதுவே. டார்க் சோயா கெட்டியாக, லேசான இனிப்போடு இருக்கும். அதன் வேலை நிறம் கொடுப்பது. ஒன்றுக்கு மாற்றாக மற்றதை அதே அளவில் ஊற்றக் கூடாது. ஒரு டேபிள்ஸ்பூன் டார்க் சோயா ஊற்றினால் உணவு தார் நிறத்துக்குப் போய்விடும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லைட் வாங்குங்கள்.

அடுப்பில் ஏற்றியதிலிருந்து இறக்கும் வரை சொல்லுங்கள்.

இஞ்சி பொடியாக நறுக்கியது 1 டேபிள்ஸ்பூன், பூண்டு 4 பல், காய்கறி, வெங்காயத்தாள், சாஸ் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சோறு முன்பே வெந்திருக்க வேண்டும்.

சட்டி காய்ந்ததும் 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய். கோழியில் பாதியை மட்டும் போட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். இனி 45 முதல் 60 நொடி தொடாதீர்கள். பெயரில் கிளறல் இருந்தாலும் இந்த ஒரு நிமிடம் கரண்டியைக் கீழே வைப்பதுதான் முழுச் சமையலையும் தூக்கி நிறுத்துகிறது. போட்டதும் பலமாகப் பொரியும் சத்தம் கேட்க வேண்டும், அது குறையவே கூடாது. சத்தம் தணிந்து முணுமுணுப்பாக மாறினால் தண்ணீர் சேரத் தொடங்கிவிட்டது. அடுத்த தடவை அளவைக் குறையுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் தட்டையான கரண்டியால் சுரண்டித் திருப்பி இன்னும் ஒரு நிமிடம் பிரட்டுங்கள். முக்கால் பதத்துக்கு மேல் வெந்து, நடுவில் லேசான ரோஜா நிறம் மிஞ்சும்போதே சுத்தமான தட்டுக்கு எடுங்கள். பச்சைக் கோழி இருந்த தட்டு வேண்டாம்.

இரண்டாவது பாதியும் அப்படியே. அடியில் பழுப்புப் படிவு இருந்தால் நல்லது, கருப்பாக இருந்தால் துடைத்துவிடுங்கள்.

மீண்டும் 2 டீஸ்பூன் எண்ணெய், முழுத் தீ, காய்கறி. ஒன்றரை முதல் 2 நிமிடம் விடாமல் பிரட்டுங்கள். காய்களை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் சில சொட்டு எண்ணெய் விட்டு இஞ்சி, பூண்டு போடுங்கள். 15 நொடியில் மணம் மூக்கில் ஏறும், உடனே எல்லாவற்றையும் கலந்துவிடுங்கள்.

கோழியையும் தட்டில் தேங்கிய சாற்றையும் சேருங்கள். சாஸ் கிண்ணத்தை அடிவரை கலக்கி (கார்ன்ஃப்ளோர் அடியில் கல்லாகப் படிந்திருக்கும்) சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள். காய்ந்த ஓரத்தில் படும்போது சோயாவும் சர்க்கரையும் நொடியில் பொரிந்து மணம் கூடும். பால் போலக் கலங்கலாக இருக்கும் சாஸ் குமிழிட்டுக் கொதித்து, 30 முதல் 45 நொடியில் தெளிந்து பளபளப்பாகிக் கோழியில் ஒட்டும். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். நடுவில் நிறம் மாறிச் சாறு தெளிவாக இருந்தால் அடுப்பை அணையுங்கள். எள்ளெண்ணெய், வெங்காயத்தாள் தூவி உடனே பரிமாறுங்கள்.

இரண்டு தடவையாகப் போடுவது அவ்வளவு அவசியமா?

அவசியம். இந்தப் பக்கத்தில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். உணவகங்களின் வோக் அடுப்பு வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு வெப்பம் தரும். ஒரு கிலோ கறி விழுந்தாலும் சட்டி உடனே மீண்டுவிடும். வீட்டு அடுப்பில் 400 கிராமையும் ஒன்றாகக் கொட்டினால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கும், அது மீண்டு ஏறுவதற்குள் கோழி தண்ணீர் விட்டுவிடும். ஒரு தடவைக்கு 200 கிராம், மிஞ்சினால் 250. நான்-ஸ்டிக்கில் 150.

ஆறு பேருக்குச் செய்வதென்றால் சாஸை இரட்டிப்பாகக் கலக்கிக்கொள்ளலாம், ஆனால் சமையலை முழுதாக இரண்டு முறை செய்யுங்கள்.

காய்கறியை எந்த வரிசையில் போடுவது?

கடினமானது முதலில். கேரட், ப்ரோக்கோலி தண்டு, பீன்ஸ் ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 2 நிமிடம். குடைமிளகாய், வெங்காயம், முட்டைக்கோஸுக்கு ஒன்றரை நிமிடம். பயறு முளை, கீரை வகை, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதிக்கு அரை நிமிடம்கூட வேண்டாம். ஒரு சமையலுக்கு இரண்டு காய், அதிகம் போனால் மூன்று. ஆறேழு காய் சேர்த்தால் ஒவ்வொன்றின் பதமும் வெவ்வேறாகி எதுவும் சரியாக வேகாது.

ப்ரோக்கோலியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து ஆறவிட்டால் நிறம் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் வதக்கும்போது ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து அந்த ஆவியில் வேகவிடுங்கள். தெளித்தது முழுக்க வற்றிய பிறகே அடுத்த வேலை. காளான் தண்ணீர் நிறைய விடும். அதை மட்டும் தனியாக வறுத்து எடுத்து வையுங்கள்.

கழுவிய காய் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். உறைந்த காயை உருகவிட்டு, ஒற்றி எடுத்துப் போடுங்கள்.

பூண்டு எப்போதும் கருகிக் கசக்கிறது.

எண்ணெய் காய்ந்ததும் முதலில் பூண்டைப் போட்டு, பிறகு கோழியைப் போடுவதால் வருவது. இந்தச் சூட்டில் அது அரை நிமிடம் தாங்காது. மேலே சொன்னபடி காய்க்குப் பிறகு போடுங்கள். இஞ்சி பூண்டு விழுதும் வேண்டாம்; அதன் ஈரம் சட்டியைக் குளிரவைக்கும், ஈரம் வற்றியதும் அடியில் ஒட்டித் தீயும். கத்தியால் நறுக்கியதே சரி.

கோழி சட்டியில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது.

சட்டி காயவில்லை, கோழி ஈரமாக இருந்தது, அல்லது அவசரப்பட்டுத் திருப்பினீர்கள். பச்சைக் கறி சூடான உலோகத்தில் முதலில் ஒட்டத்தான் செய்யும். அடிப்பக்கம் நன்றாக வறுபட்டதும் பெரும்பாலும் தானே விட்டுக்கொடுக்கும். கரண்டியை நுழைத்துப் பாருங்கள், எதிர்த்தால் இன்னும் 15 நொடி பொறுங்கள். புதிய கார்பன் ஸ்டீல் சட்டியில் எண்ணெய் ஏற்றிப் பதப்படுத்தும் வேலை முடியாமல் இருந்தாலும் ஒட்டும்: கழுவித் துடைத்து, மிக மெல்லியதாக எண்ணெய் தடவி, புகைந்து அடங்கும் வரை காயவைப்பதை மூன்று நான்கு முறை செய்யுங்கள்.

சாஸ் சில சமயம் கூழாகிறது, சில சமயம் தண்ணீராகவே நிற்கிறது. ஏன்?

கூழானால் மாவு கூடிவிட்டது அல்லது கொதி நீண்டுவிட்டது; ஒரு டேபிள்ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலந்தால் இளகும். கட்டிகட்டியாக இருந்தால் கலக்காமல் ஊற்றியிருக்கிறீர்கள்.

தண்ணீராக நின்றால் மூன்றில் ஒன்று. மாவு கிண்ணத்தின் அடியிலேயே தங்கிவிட்டது. அல்லது சாஸ் முழுக் கொதி வரும் முன் இறக்கிவிட்டீர்கள். கார்ன்ஃப்ளோர் 65, 70 டிகிரியில் இறுகத் தொடங்கினாலும் முழுக் கெட்டித்தன்மை கொதிநிலையை ஒட்டித்தான் வரும். இல்லையென்றால் காய் விட்ட தண்ணீர் சாஸோடு சேர்ந்துவிட்டது. அப்படி ஆனால் கோழியையும் காயையும் அரித்தெடுத்து, சாஸை மட்டும் முழுத் தீயில் சுண்டவிட்டு மறுபடி சேருங்கள். எல்லாவற்றையும் சட்டியிலேயே வைத்துச் சுண்டவைத்தால் சாஸ் சரியாகும்போது கோழி கெட்டுப்போயிருக்கும்.

உப்பு கூடிவிட்டது.

வெந்த காய்கறி இன்னொரு கை சேருங்கள், அரை டீஸ்பூன் சர்க்கரையும் சில சொட்டு வினிகரும் விடுங்கள். உப்பு குறையாது, நாவில் தூக்கலாகத் தெரிவது குறையும். சோறு கொஞ்சம் கூடுதலாகப் பரிமாறுங்கள்.

ரைஸ் வைன், ஆய்ஸ்டர் சாஸ் இல்லாமல் செய்யலாமா?

ரைஸ் வைனுக்கு ட்ரை ஷெர்ரி நெருக்கமான மாற்று. மது வேண்டாம் என்றால் அதே அளவு ஸ்டாக் விடுங்கள். கவிச்சைக்கு அரை டீஸ்பூன் இஞ்சிச் சாறு போதும். ஆய்ஸ்டர் சாஸ் சிப்பியில் செய்வது. சிப்பி ஒவ்வாதவர்கள் காளானில் செய்த சைவ வகையை அதே அளவில் சேர்க்கலாம். பெரும்பாலான சோயா சாஸில் கோதுமை இருக்கும்; கோதுமை ஒவ்வாதவர்கள் க்ளூட்டன் இல்லை என்று லேபிளில் குறிப்பிட்ட தமாரி (ஜப்பானிய சோயா சாஸ் வகை) வாங்குங்கள். ஆய்ஸ்டர் சாஸின் லேபிளையும் பாருங்கள், அதிலும் கோதுமை கலந்திருக்கலாம்.

அஜினோமோட்டோ சேர்க்கலாமா?

சேர்க்கலாம், இந்த அளவுக்குக் கால் டீஸ்பூன். டோக்கியோவில் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர் 1908இல் கொம்பு என்னும் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவை இது. தக்காளியிலும் காளானிலும் இயல்பாக இருக்கும் குளூட்டமேட்டும் இதுவும் ஒன்றே. சமையல் உப்பில் சோடியம் ஏறக்குறைய 39 சதவீதம், இதில் 12 சதவீதம். ஆய்ஸ்டர் சாஸில் பெரும்பாலும் ஏற்கெனவே கலந்திருப்பார்கள், அதனால் அது இருக்கும்போது தனியாகச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

காரமாக வேண்டும். மிளகாய்த்தூள் போடலாமா?

இந்தச் சூட்டில் மிளகாய்த்தூள் நொடியில் கருகிக் கமறும். இதே முறையில் காரமாகச் செய்ய வேறு நல்ல வழிகள் இருக்கின்றன.

சிச்சுவான் பாணி குங் பாவ்: கோழியைச் சிறு சதுரங்களாக வெட்டுங்கள். காய்க்குப் பதிலாக 8, 10 காய்ந்த மிளகாயைக் கிள்ளி விதை உதிர்த்து, 1 டீஸ்பூன் சிச்சுவான் மிளகோடு மிதமான தீயில் 10, 15 நொடி வறுக்கவும். மிளகாய் அடர் சிவப்பாகும்போதே கோழி விழ வேண்டும், கருத்தால் கசக்கும். சாஸில் ஆய்ஸ்டர் வேண்டாம். கருப்பு வினிகர் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன் என்று கூட்டுங்கள். வறுத்த வேர்க்கடலை 50 கிராம் கடைசியில், இல்லையென்றால் நமத்துவிடும்.

தாய்லாந்தின் பட் கப்ராவ்: கோழியைக் கொத்திப் போடுவது. பூண்டு 5 பல்லும் காரமான சிறு மிளகாய் 4, 5ம் இடித்து எண்ணெயில் மணக்கவிட்டு, கோழி சேர்த்து உதிரியாக வறுத்து, ஃபிஷ் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், ஆய்ஸ்டர் சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன். கார்ன்ஃப்ளோர் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கை நிறையக் கப்ராவ் இலை. துளசி இனத்து இலைதான், அந்தக் கார மணம் இனிப்பு பேசிலில் வராது.

கொரியாவின் கொச்சுஜாங் என்னும் மிளகாய் விழுது பயன்படுத்துவதென்றால் ஒரு டேபிள்ஸ்பூனைச் சாஸில் கரைத்துவிடுங்கள். அதில் இனிப்பு இருப்பதால் நேரடியாகக் காய்ந்த சட்டியில் போட்டால் தீயும்.

முன்கூட்டியே எவ்வளவு வேலை முடித்து வைக்கலாம்?

கோழியை முந்தின இரவே கலந்து, மூடி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கலாம், சோடா போட்டதை மட்டும் அப்படி வைக்கக் கூடாது. சமைக்கும் முன் ஒருமுறை பிரட்டிப் பிரித்துவிடுங்கள். சாஸை மூன்று நான்கு நாள் முன்பே கலந்து பாட்டிலில் வைக்கலாம். கார்ன்ஃப்ளோரை மட்டும் சமைக்கும்போது சேருங்கள். உறைந்த கோழி ஃப்ரிட்ஜிலேயே இரவு முழுக்க உருகட்டும். மேடையில் வைத்து உருக்கினால் வெளிப்பக்கம் வெதுவெதுப்பாகிக் கிருமி பெருகும், உள்ளே கட்டியாகவே இருக்கும்.

மீந்ததை எத்தனை நாள் வைத்துச் சாப்பிடலாம்?

சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள். அகலமான பாத்திரத்தில் பரப்பி வைத்தால் சீக்கிரம் குளிரும். சோற்றையும் வெளியே விடாதீர்கள். அதில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. கோழியைச் சூடாக்கும்போது ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்கும் வரை சூடாக்குங்கள். மைக்ரோவேவில் என்றால் பாதி நேரத்தில் ஒருமுறை வெளியே எடுத்துக் கிளறுங்கள், நடுவில் குளிர்ந்தே இருக்கும். ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.